மேயர் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது? நெல்லை மாநகராட்சியை வைத்து ஓர் எளிய விளக்கம்

மேலப்பாளையத்தில் ஒரு தெரு. வாறுகால், அதாவது தெருச் சாக்கடை, நிரம்பி வாசல்படிக்கு வந்துவிட்டது. தெருக்காரர்கள் நாலு பேர் மனு எழுதிக்கொண்டு, சுவாமி நெல்லையப்பர் நெடுஞ்சாலையில் இருக்கும் மாநகராட்சி அலுவலகத்துக்குக் கிளம்புகிறார்கள். "மேயர் நெனைச்சா ஒரு வாரத்துல முடிஞ்சிரும்லா அண்ணாச்சி" என்கிறார் ஒருவர். மேயரும் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, "உடனே பாருங்க" என்று பக்கத்தில் நிற்கும் பொறியாளரிடம் சொல்வார். ஆனாலும் அந்த வாறுகால் ஒரு வாரத்தில் மாறாது. அதற்காக மேயரைக் குறை சொல்லவும் முடியாது. தம் இஷ்டத்துக்கு எடுத்துச் செலவு செய்யும் பணம் அவரிடம் கிடையாது. மாநகராட்சிக்கு வருகிற பணத்தில் பெரும்பகுதி, இது தண்ணீருக்கு, இது குப்பைக்கு, இது இன்ன திட்டத்துக்கு என்று பெயர் எழுதித்தான் வந்து சேர்கிறது. எந்த வேலையை எந்தப் பணத்தில் பொருத்தலாம் என்று பார்ப்பதும், பெயர் எழுதாத பணத்தைக் கொஞ்சமாவது கூட்டிக்கொள்வதும்தான் மேயர் வேலையில் பாதி.

அந்தப் பாதி வேலை எப்படி நடக்கிறது, எங்கே சிக்குகிறது என்பதைப் பார்ப்போம்.

மேயர், மாமன்றம், ஆணையர்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூர் பேரூராட்சியையும் சுற்றியிருந்த சில ஊராட்சிகளையும் சேர்த்து 1994இல் உருவானது நெல்லை மாநகராட்சி. இன்று 4 மண்டலங்கள், 55 வார்டுகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 4.74 லட்சம் பேர்.

மேயர் மாமன்றத்தின் தலைவர். கூட்டத்தைக் கூட்டுவார், நடத்துவார், தீர்மானம் நிறைவேற வழிசெய்வார். செக்கில் கையெழுத்துப் போடுவது, பொறியாளரை இடம் மாற்றுவது, ஒப்பந்ததாரருக்கு வேலை உத்தரவு கொடுப்பது எல்லாம் ஆணையர் பொறுப்பு. ஆணையரை நியமிப்பது மாநில அரசு. அங்கி, செங்கோல், 'வணக்கத்துக்குரிய' என்ற அடைமொழி ஆகிய மூன்றும் மேயருக்கு உண்டு. 2023இல் அரசு அறிவித்த மதிப்பூதியம் மாதம் 30,000 ரூபாய். அதிகாரம் என்று பார்த்தால், மாமன்றத்தில் எத்தனை பேர் தம் பக்கம் கை தூக்குகிறார்களோ அவ்வளவுதான்.

1996, 2001, 2011 தேர்தல்களில் மக்கள் நேரடியாக மேயருக்கு ஓட்டுப் போட்டார்கள். 2022இல் மாமன்ற உறுப்பினர்கள்தான் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த வேறுபாடு சிறியதாகத் தெரியும். பணம் வந்து சேர்வதில் இது பெரிய வேறுபாடு. உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த மேயரை உறுப்பினர்களே முடக்கவும் முடியும். நெல்லையில் 2022 மார்ச்சில் மேயரான பி.எம்.சரவணன் மீது 2024 ஜனவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. விவாதத்துக்கு உறுப்பினர்கள் வராததால் அது தோற்றது. ஆனாலும் அந்த ஜூலையில் அவர் பதவி விலகினார். ஆகஸ்டில் ராமகிருஷ்ணன் மேயரானார். யார் பக்கம் நியாயம் என்பது இங்கே நமக்கு வேண்டாம். மாமன்றம் ஒத்திவைக்கப்படும் ஒவ்வொரு மாதமும் மன்றப் பொருள்கள், அதாவது கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டிய விஷயங்கள், தேங்குகின்றன. தீர்மானம் இல்லாமல் டெண்டர் கிடையாது, டெண்டர் இல்லாமல் நிதியைச் செலவழிக்க முடியாது, செலவழிக்காவிட்டால் அடுத்த தவணை வராது. இதைத்தான் பார்க்க வேண்டும்.

மாமன்றமே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்துவிட்டது. 2016 முதல் 2022 வரை மாநகராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை, தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் செய்தார்கள். தேர்தல் நடத்தாத உள்ளாட்சிகளுக்கு மானியம் தர முடியாது என்று சொல்லி மத்திய அரசு நிதியை நிறுத்தி வைத்தது.

மனு கொடுப்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கேட்கிற பொருள் மாநகராட்சியுடையதுதானா? ஜங்ஷனில் இருக்கும் ஈரடுக்கு மேம்பாலம் நெடுஞ்சாலைத் துறையுடையது. ஊருக்குள் ஓடும் நெல்லைக் கால்வாயும் பாளையங்கால்வாயும் நீர்வளத் துறையுடையவை. வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டியவை. ஆனால் இருபுறமும் உள்ள தெருக்களின் வாறுகால்கள் அதில்தான் போய் விழுகின்றன. கால்வாயில் குப்பை அடைத்தால் எடுக்க வேண்டியவர் யார் என்று ஒரு துறை இன்னொரு துறையைக் கை காட்டும். இந்த மாதிரி இடத்தில் மேயர் செய்யக்கூடியது கடிதம் எழுதுவதும், மாவட்ட ஆட்சியர் கூட்டும் கூட்டத்தில் இரண்டு துறைப் பொறியாளர்களையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதும்தான். கேட்க அற்பமாகத் தோன்றும், ஆனால் பல வேலைகள் இப்படித்தான் நகர்ந்திருக்கின்றன.

சொந்தப் பணம்: வீட்டுத் தீர்வை முதல் மாட்டுச் சந்தை வரை

மாநகராட்சி வரவு செலவுத் திட்டத்தைத் திறந்தால் மூன்று நிதிக் கணக்குகள் தனித்தனியாக இருக்கும்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. ஒன்றில் இருப்பதை எடுத்து இன்னொன்றில் போட முடியாது. கல்வி நிதியில் பணம் கிடந்தாலும் அதை எடுத்து வாறுகால் கட்டக் கூடாது. பத்திரிகையில் 'மாநகராட்சி பட்ஜெட் இத்தனை கோடி' என்று படிக்கும்போது, மூன்று கணக்கையும் கூட்டிய தொகை அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் பெரிய பங்கு மேலே இருந்து வரவேண்டிய திட்ட நிதி. வந்தால் உண்டு.

சொந்த வருவாயில் முதலில் நிற்பது சொத்து வரி. நம் ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் வீட்டுத் தீர்வை என்றுதான் சொல்கிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒரு அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் இன்னொரு அரையாண்டு. அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். 2,000 ரூபாய் வரி கட்டுபவருக்கு 100 ரூபாய் மிச்சம். அரையாண்டு தாண்டினால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி. ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி தனியாக இருக்கும். அது மாநகராட்சிக்குச் சேராது. நூலக ஆணைக்குழுவுக்கு வசூலித்துக் கொடுக்க வேண்டிய பணம்.

2022இல் வரி ஒரே தாவாக ஏறியது பலருக்கு நினைவிருக்கும். நெல்லை போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். கடைகளுக்கும் 100 சதவீதம். இதற்கு ஒரு பின்னணி உண்டு. 15ஆவது மத்திய நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையிலான மானியத்துக்கு இரண்டு நிபந்தனைகள் வைத்தது. தணிக்கை செய்த கணக்கை இணையத்தில் வெளியிட வேண்டும். 2022-23 முதல் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதம் அறிவித்து, மாநில உற்பத்தி வளரும் அளவுக்காவது வசூலையும் வளர்க்க வேண்டும். உள்ளூரில் வரியைக் கூட்டாவிட்டால் டெல்லியிலிருந்து பணம் வராது என்ற கட்டு அப்படிப் போடப்பட்டது. வரியைக் கூட்டிய தீர்மானத்துக்குத் திட்டு வாங்கியவர் மேயர், கட்டுப் போட்டவர் வேறு.

வரி வீதம் ஒரு பக்கம் இருக்கட்டும். மேயர் உண்மையாகவே கை வைக்கக்கூடிய இடம் வசூல். அலுவலகத்தில் இதற்குக் 'கேட்பு, வசூல், நிலுவை' என்று ஒரு பட்டியல் உண்டு. கேட்பு என்றால் ஊரார் கட்ட வேண்டிய மொத்த வரி. உதாரணத்துக்கு ஆண்டுக் கேட்பு 50 கோடி என்று வைத்துக்கொள்வோம். 65 சதவீதம் வசூலித்தால் 32.5 கோடி, 90 சதவீதம் வசூலித்தால் 45 கோடி. இடையில் இருக்கும் 12.5 கோடிக்கு எந்த நிபந்தனையும் கிடையாது, யாரிடமும் அறிக்கை கொடுக்க வேண்டியதில்லை. பெயர் எழுதாத பணம் என்று சொன்னது இதைத்தான்.

வசூல் எங்கே ஒழுகுகிறது? வீட்டுக்காரர்களிடம் இல்லை, பெரும்பாலும் அவர்கள் கட்டிவிடுகிறார்கள். பழைய வரிவிதிப்பு அப்படியே கிடப்பதில்தான் ஒழுகுகிறது. ஓட்டு வீடாக இருந்தபோது போட்ட வரி, மூன்று மாடி எழும்பிய பிறகும் மாறாமல் இருக்கும். கீழ்த்தளத்தில் கடை நடக்கும்; வரி வீட்டுக்கானதாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க வீடுவீடாக ஏற வேண்டிய அவசியம்கூட இல்லை. மின்வாரியத்தின் வணிக இணைப்புப் பட்டியலையும் மாநகராட்சியின் வரிப் பட்டியலையும் கதவு எண்ணை வைத்துப் பொருத்திப் பார்த்தாலே பாதி வந்துவிடும். கதவு எண்கள் பழையது, புதியது என்று இரண்டு வரிசையில் இருப்பதால் பொருத்தம் சொதப்பும். அதைச் சரிசெய்ய ஒரு வரித்தண்டலரைத் தெருவுக்கு அனுப்பியே ஆக வேண்டும். காலிமனை வரியும் இப்படித்தான். மனை விற்கும்போது மட்டும் உரிமையாளர் வந்து மொத்தமாகக் கட்டுவார். தொழில் வரி ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று அரசியலமைப்பே கட்டிவைத்திருக்கிறது. ஆக அதில் பெருக்க ஒன்றும் இல்லை, விட்டுப்போனவர்களைச் சேர்க்கலாம், அவ்வளவுதான்.

வரி இல்லாத வருவாய் என்று ஒன்று இருக்கிறது. பேருந்து நிலையக் கடை வாடகை, இருசக்கர வாகனக் காப்பகம், கட்டணக் கழிப்பிடம், மேலப்பாளையம் மாட்டுச் சந்தைக் குத்தகை. ஏலத்தில் போட்டி இருந்தால் தொகை ஏறும், இரண்டு பேர் பேசிவைத்துக்கொண்டு வந்தால் இறங்கும். பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டினால் கட்டி முடிக்கும்வரை அந்த வாடகை போயிற்று. ஜங்ஷன் பெரியார் பேருந்து நிலையம் 2018 இறுதியில் மூடப்பட்டு ஆண்டுக்கணக்கில் மூடியே கிடந்தபோது, பயணிகள் பட்ட சிரமம் எல்லோருக்கும் தெரிந்தது. மாநகராட்சிக் கணக்கில் விழுந்த ஓட்டை அவ்வளவாகப் பேசப்படவில்லை.

மேலே இருந்து வருவது

மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்து தருகிறது. மாநில நிதிக்குழு மானியம் என்று பெயர். அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்தக் குழுவை அமைப்பது கட்டாயம். ஓரளவு சுதந்திரமான பணம்தான், ஆனால் கைக்கு வருமுன்பே பிடித்தங்கள் நடக்கும். பழைய கடன் தவணை, ஓய்வூதியம், குடிநீர் வடிகால் வாரியத்துக்கு உள்ள பாக்கி எல்லாம் கழித்துக்கொண்டு மிச்சம் வரும். அந்த மிச்சம் சம்பளத்துக்கும் தெருவிளக்கு, நீரேற்று நிலையங்களின் மின் கட்டணத்துக்கும் போய்விடும்.

15ஆவது மத்திய நிதிக்குழு மானியத்தில் (2021-26), 10 லட்சத்துக்குக் கீழே மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு 60 சதவீதம் இன்ன வேலைக்கு என்று பெயர் எழுதி வந்தது: பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, மறுசுழற்சிக்கு, பாதி துப்புரவுக்கும் குப்பைக்கும். மீதி 40 சதவீதத்தை ஊர்த் தேவைக்கு ஏற்பச் செலவிட முடிந்தது, சம்பளத்துக்கு மட்டும் கூடாது. மேலப்பாளையத் தெருவின் வாறுகாலை எந்தத் தலைப்பில் போடுவது என்று பொறியாளர் யோசிப்பது இங்கேதான். மழைநீர் வடிகால் என்று எழுதினால் ஒரு கணக்கு, கழிவுநீர் என்று எழுதினால் வேறு கணக்கு. தெருக்காரர்களுக்கு இரண்டும் ஒரே நாற்றம்.

அடுத்து, திட்ட நிதி. நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்கான மத்திய அரசின் அம்ருத் 2.0 திட்டம் 2021 அக்டோபர் 1இல் தொடங்கியது. 1 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு மத்திய பங்கு மூன்றில் ஒன்று. தவணை 20, 40, 40 சதவீதமாக வரும். 90 கோடி ரூபாய்க்கு ஒரு குடிநீர்த் திட்டம் என்றால் டெல்லி தருவது 30 கோடி. அதுவும் முதலில் 6 கோடி, பிறகு 12, பிறகு 12. இரண்டாம் தவணைக்கு முதல் தவணையைச் செலவழித்ததற்குப் பயன்பாட்டுச் சான்று வேண்டும். மீதி 60 கோடியை மாநில அரசும் மாநகராட்சியும் போட வேண்டும். திட்ட அறிவிப்பு அன்று மேடையில் 90 கோடி என்று சொல்வார்கள். மாநகராட்சியின் பங்கு எங்கிருந்து வரும் என்பதை அன்றைக்கே கேட்டுவிட வேண்டும். அந்தப் பங்கு இல்லாமல் பாதியில் நிற்கும் வேலைகளைப் பார்த்தால், குழாய் பதித்திருக்கும், தொட்டி கட்டியிருக்கும், இரண்டையும் இணைக்கும் கடைசி அரை கிலோமீட்டர் இருக்காது.

ஸ்மார்ட் சிட்டி கதை வேறு. நெல்லை 2017இல் தேர்வானது. ஒவ்வொரு ஊருக்கும் மத்திய அரசு 500 கோடி வரை, மாநிலமும் அதே அளவு. ஆனால் பணம் மாநகராட்சிக் கணக்கில் விழவில்லை, தனியாகத் தொடங்கிய ஒரு கம்பெனியின் கணக்கில் விழுந்தது. அதன் இயக்குநர் குழுவில் அதிகாரிகளே அதிகம். என்ன கட்டுவது என்பதில் மாமன்றத்துக்குப் பெரிய குரல் இருக்கவில்லை. 2025 மார்ச் 31இல் திட்டம் முடிந்தது. கட்டியவற்றைப் பெருக்கிக் கழுவி, விளக்குப் போட்டு, பழுது பார்க்கும் செலவு மட்டும் மாநகராட்சித் தலையில் வந்து உட்கார்ந்தது. கட்டுகிற பணத்தைவிட வைத்துக் காப்பாற்றுகிற பணம்தான் கிடைப்பது அரிது. இதை மேயர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், தேர்தல் மேடையில் மட்டும் சொல்ல மாட்டார்கள்.

நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி, சட்டமன்ற உறுப்பினருக்கு 3 கோடி தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. உயர்கோபுர மின்விளக்கு இந்த நிதியில் வைக்க எல்லோருக்கும் பிடிக்கும். அடிப்பீடத்தில் அவர்கள் பெயர் இருக்கும், மாதாமாதம் வரும் மின் கட்டண ரசீதில் மாநகராட்சியின் பெயர் இருக்கும். நமக்கு நாமே திட்டத்தில் தெருக்காரர்களோ ஒரு நிறுவனமோ மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு தரும். பூங்கா, பள்ளிச் சுற்றுச்சுவர் போன்றவற்றுக்கு இது நல்ல வழி. 9 லட்ச ரூபாய் வேலைக்கு 3 லட்சம் சேர்க்க வசதியான தெருவால் முடியும். இல்லாத தெருவால் முடியாது. ஆகவே இது சமமாகப் பரவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடன்? தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம், டுஃபிட்கோ போன்ற அரசு சார்ந்த அமைப்புகள் கொடுக்கும். வசூல் சரியாக இருந்தால் வாங்கலாம். சென்னை மாநகராட்சி 2025இல் 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரமே வெளியிட்டது. அந்த வழிக்குப் போக முதலில் தணிக்கை செய்த கணக்கும், கடன் மதிப்பீட்டு நிறுவனம் கொடுக்கும் நல்ல தரமும் வேண்டும். நிலுவைப் பட்டியல் நீளமாக இருக்கும் ஊருக்கு அந்தத் தரம் வராது.

தண்ணீர்க் கணக்கு ஒன்று

நிதி கேட்டு மேலே போகும் கோப்பில் என்ன இருக்க வேண்டும் என்று புரிய, தண்ணீரை எடுத்துக்கொள்வோம். பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நாடு முழுக்க வைத்துள்ள அளவு. 4.74 லட்சம் பேருக்குப் பெருக்கினால் சுமார் 6.4 கோடி லிட்டர். பொறியாளர் மொழியில் 64 எம்.எல்.டி. குழாயில் கசிவு 20 சதவீதம் என்று கொண்டால் ஆற்றிலிருந்து எடுக்க வேண்டியது 80. இது 2011 மக்கள்தொகைக்கு. திட்டம் 30 ஆண்டுக்கானது என்பதால் 2050ஐ நோக்கி மக்கள்தொகையைக் கணித்து எழுத வேண்டும். தாமிரபரணிப் படுகையில் எந்த இடத்தில் உறைகிணறு, கோடையில் அங்கே நீர்மட்டம் எவ்வளவு, மோட்டார் மேடை எந்த வெள்ள மட்டத்துக்கு மேலே என்பதும் விரிவான திட்ட அறிக்கையில் வேண்டும். கடைசியாகச் சொன்ன வெள்ள மட்டம் சும்மா எழுதி வைப்பதற்கு அல்ல. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றோர நீரேற்று நிலையங்கள் முங்கியதால், சுற்றிலும் வெள்ளமாக இருந்தபோது வீட்டு நல்லியில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

இந்த அறிக்கை தயாராக ஆறு மாதமாவது ஆகும். நிதி அறிவித்த பிறகு அறிக்கை எழுதத் தொடங்கும் ஊர் பின்தங்கிவிடும். அறிக்கையை அலமாரியில் தயாராக வைத்திருக்கும் ஊர் முதல் பட்டியலில் இடம் பிடிக்கும். நல்ல மேயர் என்றால் சென்னைக்கு அடிக்கடி போய்வருபவர் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். போகலாம், போகத்தான் வேண்டும். பையில் அறிக்கை இல்லாமல் போனால் சால்வையோடு திரும்ப வேண்டியதுதான்.

உள்ளே போகும் தண்ணீரில் 80 சதவீதம் கழிவாக வெளியே வரும் என்பது கணக்கு. 64 வந்தால் 51 போகும். அது பாதாளச் சாக்கடையில் இறங்கி ராமையன்பட்டி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். போகாமல் ஆற்றில் கலப்பதுதான் ஊரின் தீராத வழக்கு. 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே ஆற்றங்கரைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தெருவில் குழாய் பதித்த பிறகும் ஏன் கலக்கிறது? வீட்டு இணைப்பு எடுக்காததால். வைப்புத்தொகை கட்ட வேண்டும், குளியலறைத் தரையை உடைக்க வேண்டும், பிளம்பர் கூலி வேறு. வாசல் வாறுகாலில் ஒரு குழாயை நீட்டிவிட்டால் செலவே இல்லை. கழிவு குறைவாக வந்தால் பாதாளக் குழாயில் வேகமும் குறையும், நொடிக்கு 0.6 மீட்டருக்குக் கீழே போனால் மண்டி படிந்து அடைக்கும். பிறகு மேன்ஹோல் வழியே தெருவில் பொங்கும். அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரரும் இணைப்பு வேண்டாம் என்பார். வைப்புத்தொகையைத் தவணையில் கட்டலாம் என்று மாமன்றம் தீர்மானம் போடுவது, இன்னொரு பம்பிங் நிலையம் கேட்பதைவிட மலிவான மருந்து.

மறுபடி அந்தத் தெருவுக்கு

மனு மேயரிடமிருந்து மண்டல அலுவலகத்துக்கு வரும். உதவிப் பொறியாளர் நாடாவோடு வந்து அளப்பார். வாறுகால் மட்டுமா, தெருவும் சேர்த்தா என்று பார்ப்பார். தெருவும் சேர்த்து என்றால், 100 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம்: 60 கன மீட்டர் கான்கிரீட். 6 கன மீட்டர் கொள்ளும் கலவை லாரி என்றால் பத்து நடை. இந்த எண்ணைத் தெருக்காரர்கள் மனப்பாடம் செய்துகொள்ளலாம். வேலை நடக்கும் அன்று எட்டு லாரிதான் வந்தது என்றால் கனம் 12 சென்டிமீட்டராகிவிட்டது என்று அர்த்தம்.

மதிப்பீடு அரசின் விலைப்பட்டியல்படி தயாராகும். தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, எந்த நிதித் தலைப்பு என்ற குறிப்பு, மன்றப் பொருள், தீர்மானம், டெண்டர். 2 கோடி வரையிலான வேலைக்கு டெண்டர் அறிவிப்புக்கு 15 நாள், அதற்கு மேல் 30 நாள் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு ஒப்பந்தப்புள்ளி வந்தால் பெரும்பாலும் மறு டெண்டர். யாருமே வராமலும் போவதுண்டு. பழைய பில்லுக்குப் பணம் வராத ஒப்பந்ததாரர் புதிய வேலைக்கு ஏன் வருவார்? அப்படியே வந்தாலும் தாமதத்துக்கான வட்டியையும் சேர்த்துத்தான் விலை போடுவார். மாநகராட்சி பில்களை ஒழுங்காகக் கொடுக்கிறது என்று பெயர் எடுத்தால், அந்த ஊரில் அதே சாலை மலிவாகக் கிடைக்கும்.

வேலையில் நடக்கும் தவறுகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேல் புதியதைப் போட்டால் வீடுகள் பள்ளத்துக்குப் போய்விடும். மூன்று முறை போட்டால் வாசல்படி ஒன்று காணாமல் போகும். ஒப்பந்தத்தில் 'பழைய தளத்தைச் சுரண்டுதல்' என்று ஓர் இனம் இருக்கிறதா என்று முன்பே பார்க்க வேண்டும். மேன்ஹோல் மூடியைப் புதிய மட்டத்துக்கு உயர்த்தாமல் தாரை ஊற்றிவிட்டால், அடுத்த அடைப்புக்கு மூடியைத் தேடிச் சாலையை உடைப்பார்கள். அடைப்பு எடுக்கப் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். இயந்திரம்தான் வர வேண்டும், இயந்திரத்துக்கு மூடி தெரிய வேண்டும். இன்னொன்று வரிசை. முதலில் பாதாளக் குழாய், அதன்மேல் தண்ணீர்க் குழாய், வாறுகால், கடைசியில் சாலை. நான்கும் நான்கு திட்ட நிதியில் வருவதால், எந்தப் பணம் முதலில் வந்ததோ அந்த வேலை முதலில் நடந்துவிடுகிறது. புதுச் சாலையை மூன்றாம் மாதம் தோண்டுவது ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். தண்ணீர்க் குழாய் வருகிறது என்று தெரிந்தால் சாலை நிதியை அடுத்த தெருவுக்குத் திருப்பும் துணிச்சல் மேயருக்கும் வார்டு உறுப்பினருக்கும் வேண்டும். அந்த நேரத்தில் தெருக்காரர்கள் "எங்க ரோட்ட அடுத்த தெருவுக்குக் கொடுத்துட்டாரு" என்று கோபப்படாமல் இருந்தால் பெரிய உதவி.

வேலை முடிந்ததும் அளவுப் புத்தகத்தில் பதிந்துதான் பில் போடுவார்கள். அந்தப் புத்தகத்தின் நகலையும் மதிப்பீட்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். நகல் எடுக்க ஆகும் செலவு தனி. வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்திலும் கேட்கலாம். 2022 நவம்பர் 1இல் தமிழ்நாட்டு நகரங்களில் முதன்முறையாக நடந்த கூட்டங்கள் இவை. வாறுகால் சரியில்லை என்று பொதுவாகச் சொல்வதைவிட, "எங்க தெரு வேலை எந்த நிதித் தலைப்புல இருக்கு, மன்றப் பொருள் எண் என்ன?" என்று கேட்டால் பதில் சொல்பவருக்கு நழுவ இடம் இருக்காது.

எப்போது கேட்பது என்பதற்கும் ஒரு நாள்கணக்கு உண்டு. டவுன் ரத வீதிகளில் எந்த வேலையும் ஆனித் தேரோட்டத்துக்கு முன் முடிய வேண்டும், அல்லது தேர் நிலைக்கு வந்த பிறகு தொடங்க வேண்டும். தேர்ச்சக்கரம் தோண்டிய தெருவில் ஓடாது. நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால் பிப்ரவரி, மார்ச்சில் அவசர அவசரமாகச் சாலை போடுவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் புதிய ஆண்டுக்கான மதிப்பீடுகள் தயாராகும். மனு கொடுக்க நல்ல நேரம் அதுதான். ஜூலைக்குள் தீர்மானம், ஆகஸ்டில் டெண்டர் என்றால் மழைக்கு முன் வேலை முடியும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபரில் வேலை உத்தரவு வாங்கிய சாலையைப் பொங்கல் முடிந்த பிறகுதான் எதிர்பார்க்கலாம்.